ஊர் ரகசியம் உள்ளங்கையில்

சிகாகோ நகரத்து நடைபாதை. தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ரயில் தடதடத்துக்கொண்டு போகிறது. கீழே ஆட்கள் அவரவர் பாட்டுக்கு நடக்கிறார்கள். கதாநாயகன் தன் கைபேசியை எடுத்ததும், எதிரே வரும் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் முளைக்கிறது. பெயர், வயது, வேலை, ஆண்டு வருமானம். கூடவே ஒரே ஒரு வரி. நோயோ, கடனோ, முறிந்துபோன மணவாழ்க்கையோ, வெளியே தெரியக்கூடாது என்று அந்த மனிதர் பொத்திவைத்திருக்கும் பழக்கமோ, ஏதோ ஒன்று அந்த வரியில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்துவிட்டது.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியல் ஸ்டூடியோ உருவாக்கி, 2014 மே 27 அன்று வெளிவந்த ‘வாட்ச் டாக்ஸ்’ வீடியோ கேம் இது. ஹேக்கிங்கை மையமாக வைத்த ஓப்பன் வேர்ல்டு கேம். அதாவது, ஒரு முழு நகரத்தையே கட்டிக் கொடுத்து, ‘எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் செய்’ என்று விட்டுவிடுகிற வகை. சிக்னலை மாற்றலாம், பாலத்தைத் தூக்கலாம், கரண்ட்டை அணைக்கலாம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதெல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால், முதல் சில மணி நேர ஆட்டத்தில் என்னை உலுக்கிப் போட்டது அந்த ஒற்றை வரி. இந்த கேம் நம் கையில் கொடுக்கும் ஆயுதங்களிலேயே கொடியது அதுதான் என்பேன். அதைச் செய்தவர்களே அதன் பலத்தை முழுதாக உணரவில்லை என்றும் சொல்வேன்.

எப்படி என்று சொல்கிறேன். சிலருடைய கட்டத்தில் வங்கிக் கணக்கும் திறந்து கிடக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் கணக்குக்குள் புகுந்துவிடலாம். அப்புறம் பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போய்ப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் நமக்குப் பணம் தேவைதான். கார், கருவிகள் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரம்பத்தில் பட்டனை அழுத்த யோசனையே இல்லை. பிறகு கண் அந்த வரியின் மேல் விழுகிறது. சம்பளம் குறைவு, உடம்பு சரியில்லாதவர். விரல் நிற்கிறது. அடுத்தவர் நல்ல வருமானக்காரர், வரியும் கொஞ்சம் அருவருப்பானது. விரல் தயங்காமல் அழுத்துகிறது. இவரிடம் எடுக்கலாம், அவரிடம் கூடாது என்று நான் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு மனிதரை அளக்க எனக்குக் கிடைத்ததெல்லாம் பத்து வார்த்தைகூட இல்லாத ஒரு வரி. அது உண்மையா, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேம் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

பெரும்பாலான கேம்களில் தெருவில் போகும் கூட்டம் வெறும் அட்டை பொம்மைகள். இடித்துத் தள்ளினாலும் காரை ஏற்றினாலும் மனசு உறுத்தாது. இங்கே அந்தப் பொம்மைகளுக்குப் பெயரும் துக்கமும் கொடுத்திருக்கிறார்கள். வேகமாகக் கார் ஓட்டி நடைபாதையில் ஏறும்போது, இடிபடப்போகிறவருடைய கட்டம் கண்ணில் பட்டுத் தொலைத்தால், பிரேக்கைத் தேடுகிறது விரல். பல ஆண்டுகளாக இந்த வகை கேம்களை ஆடிவரும் எனக்கு இது புதிது.

கற்பனை செய்தியான கதை

உலகம் இந்த கேமை முதலில் பார்த்தது 2012 ஜூனில். லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் யூபிசாஃப்ட் இதை மேடையில் காட்டியது. இரவு நேரச் சிகாகோ. நீண்ட கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவன் கைபேசியைத் தட்டுகிறான். நாற்சந்தியில் சிக்னல் குழம்பி, கார்கள் ஒன்றோடொன்று மோதிக் குவிகின்றன. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அன்றைக்கு அது விஞ்ஞானக் கதை.

சரியாக ஓராண்டு கழித்து, 2013 ஜூனில், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை எப்படியெல்லாம் தொலைபேசி, இணையத் தகவல்களை அள்ளிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டும் ஆவணங்களை எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்தார். கற்பனை என்று எழுத ஆரம்பித்தது, கடைக்கு வருவதற்குள் தலைப்புச் செய்தியாகிவிட்டது. 2013 நவம்பரில் வரவேண்டிய கேம், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது தள்ளிப்போனது. அரை ஆண்டு தாமதமாக வந்தும் முதல் வாரத்திலேயே 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ‘ஈ3-யில் காட்டிய அழகு விற்பனைக்கு வந்த கேமில் இல்லை’ என்று பெரிய சண்டையும் நடந்தது. அந்தப் புகாரில் நியாயம் உண்டு. ஆனால், இத்தனை ஆண்டுகள் கழித்து முதன்முறையாக உள்ளே நுழைகிறவருக்கு மழைத்துளி எவ்வளவு மினுமினுக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. கதை சொல்லும் விஷயம்தான் நிற்கிறது.

கதையின் அடிப்படை இது. 2003-ல் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி இருளில் மூழ்கியதற்கு ஒரு ஹேக்கர்தான் காரணம் என்கிறது கேம். இனி அப்படி நடக்கக்கூடாது என்பதற்காக, மின்சாரம், போக்குவரத்து, கேமரா, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்பின் கீழ் கொண்டுவருகிறது சிகாகோ. அதன் பெயர் ‘சிடிஓஎஸ்’. அதை நடத்துவது ‘ப்ளூம்’ என்ற தனியார் கம்பெனி.

அந்த மின்வெட்டு நிஜமாகவே நடந்தது. 2003 ஆகஸ்ட் 14 அன்று, அமெரிக்காவிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். நிஜக் காரணத்தில் ஹேக்கர் யாரும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் உயரழுத்தக் கம்பிகள் வெட்டாமல் விட்ட மரங்களில் உரசின. அதே நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டிய மென்பொருள், ஒரு பிழையால் மௌனமாக உறைந்து கிடந்தது. பணியில் இருந்தவர்களுக்கு விபரீதம் புரிந்தபோது கை மீறிவிட்டது. எதிரியே இல்லாமல், பராமரிப்புக் குறைவினாலும் ஒரு மென்பொருள் பிழையினாலும் ஒரு கண்டத்தின் மூலையே இருண்டது. இதைத் தெரிந்துகொண்டு ஆடினால், ‘எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடலாம்’ என்ற ப்ளூம் கம்பெனியின் யோசனை இன்னும் பயங்கரமாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் யோசனையும் கற்பனை இல்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரம், ஐபிஎம் நிறுவனத்தின் துணையோடு, சுவர் முழுக்கத் திரைகள் கொண்ட ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையத்தை 2010-லேயே திறந்துவிட்டது.

சுவருக்கும் கண் உண்டு

கேம் தொடங்குவது மெர்லோ என்ற பெரிய ஹோட்டலில். ஏடன் பியர்ஸ் என்ற ஹேக்கரும் அவன் கூட்டாளி டேமியனும், அங்கே வந்திருக்கும் பணக்காரர்களின் கணக்குகளிலிருந்து சத்தமில்லாமல் பணத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு ஹேக்கர் குறுக்கே வருகிறார். காரியம் கெட்டுவிடுகிறது. ஏடனைப் பழிதீர்க்க வந்த கூலி ஆட்கள் நடுரோட்டில் அவன் காரைத் தாக்க, காரில் இருந்த அவன் தங்கை மகள் லீனா இறந்துபோகிறாள். ஆறு வயதுக் குழந்தை.

பதினோரு மாதங்கள் கழித்து, ஒரு பேஸ்பால் மைதானத்தின் உள்ளறையில் அந்தக் கூலி ஆட்களில் ஒருவனைப் பிடித்துவைத்து ஏடன் விசாரிக்கிறான். கன்ட்ரோலர் நம் கைக்கு வரும் முதல் கணமே துப்பாக்கியின் விசையை அழுத்தச் சொல்கிறார்கள். குண்டு இல்லை; வெற்றுத் துப்பாக்கி. வெளியே மைதானம் முழுக்கக் கூட்டம், போலீஸ் சுற்றி வளைக்கிறது. மைதானத்தின் கரண்ட்டை அணைத்து, இருட்டில் குழம்பும் கூட்டத்தோடு கலந்து வெளியேற வேண்டும். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதும், ஆயிரக்கணக்கானவர்களின் ஆரவாரம் திகைப்பாக மாறுவதும் மிரட்டலான தொடக்கம். வெற்றுத் துப்பாக்கியும் இருட்டும் சேர்ந்து, ‘இந்த ஆளின் பலம் தோட்டாவில் இல்லை’ என்று சொல்லாமல் சொல்கின்றன.

அந்தத் தொடக்கத்துக்கு நேர்மையாக இருக்கும் இடங்களில் ‘வாட்ச் டாக்ஸ்’ அபாரமான கேம். கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடன் ஒரு கட்டடத்துக்கு வெளியே, சுவரோரம் சும்மா நிற்கிறான். மதில் மேல் ஒரு சிசிடிவி கேமரா. கைபேசியில் அதற்குள் புகுந்தால், அந்தக் கேமராவின் கண்ணில் இன்னொரு கேமரா தெரிகிறது. அதற்குத் தாவலாம். அங்கிருந்து உள்ளே நிற்கும் காவலாளி மார்பில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு. அவர் நடக்க நடக்க நாமும் கட்டடத்துக்குள் போகிறோம். சர்வரைத் திறக்கும் கடவுக்குறியீடு ஒரு காவலாளியின் கருவியில் இருக்கும். அதைச் சுட்டுக்கொண்டு, சர்வர் கண்ணில் படும் கேமராவைத் தேடி மறுபடி தாவவேண்டும். கடைசியில் ஒரு குழாய்ப் புதிர்: நீல ஒளி ஓடும் வழிகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பூட்டைத் திறக்கவேண்டும். எல்லாம் முடிந்தபிறகு பார்த்தால், ஏடன் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஒருவர் மேலும் கை வைக்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. இங்கே சுவருக்குக் கண் உண்டு, அந்தக் கண்ணையும் இரவல் வாங்கலாம்.

கார் துரத்தல் இன்னொரு உச்சம். இந்த கேமில் கார் ஓட்டும்போது சுட முடியாது. பலர் இதைக் குறை என்றார்கள். நான் இதைத்தான் கேமின் புத்திசாலித்தனமான முடிவு என்பேன். துப்பாக்கி இல்லாததால் நகரத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. பின்னால் போலீஸ் சைரன். சந்திப்பைத் தாண்டிய கணத்தில் சிக்னலை மாற்றினால், குறுக்கே பாய்ந்த கார்களில் சைரன் வண்டி சிக்கிக்கொள்கிறது. ரோட்டுக்கு அடியில் ஓடும் நீராவிக் குழாயை வெடிக்கவைக்கலாம். தரையிலிருந்து தடுப்புத் தூண்களை எழுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பாலங்கள். சிகாகோ ஆற்றின் மேல் கப்பல் போக நடுவில் பிளந்து எழும் பாலங்கள் நிஜத்திலேயே அந்த நகரத்தின் அடையாளம். பாலத்தை நெருங்கும்போதே பட்டனை அழுத்திவிட்டு, எழுந்துகொண்டிருக்கும் சரிவில் ஏறி, இடைவெளியைத் தாண்டி அக்கரையில் காரோடு விழும்போது வரும் உற்சாகத்துக்கு ஈடே இல்லை. கார்கள் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவது மட்டும் எரிச்சல். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி எடையற்ற ஓட்டம்.

சிகாகோ அப்படியே சிகாகோ இல்லை. வில்லிஸ் டவர், உயரத்தில் ஓடும் ரயில், மிச்சிகன் ஏரி எல்லாம் உண்டு. தூரங்களைச் சுருக்கி, வடக்கே பானீ என்று காடும் மேடுமான ஒரு கற்பனை ஊரைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே எனக்கு அவ்வளவு வேலை இல்லை. நெரிசலான தெருதான் இந்த கேமின் வீடு.

நிஜத்தில் இது முடியுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரே பட்டனில் எதுவும் நடக்காது என்பது நேரடியான பதில். நிஜ ஹேக்கிங் என்பது படிப்பது, காத்திருப்பது, தடயத்தை அழிப்பது. அந்தப் பொறுமையை விளையாட்டாக்கிய கேம்கள் உண்டு. பிரிட்டனின் இன்ட்ரோவர்ஷன் குழு 2001-ல் வெளியிட்ட ‘அப்லிங்க்’ அதில் முன்னோடி. ஒரு திரை, சில கட்டளைகள், பல சர்வர்கள் வழியே சுற்றிப் போவது, போன சுவடை அழிப்பது. அவ்வளவுதான் கேம்; வியர்த்துவிடும். ‘வாட்ச் டாக்ஸ்’ அந்த வழிக்குப் போகவில்லை. ஆனாலும் கதையில் வரும் ஹேக்கிங் நம்பும்படி இருக்கவேண்டும் என்று கேஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் பாதுகாப்பு நிபுணர்களிடம் யோசனை கேட்டுச் செய்திருக்கிறார்கள். அது வீண்போகவில்லை.

சிக்னலையே பார்ப்போம். கேம் வெளிவந்த சில மாதங்களில், 2014 ஆகஸ்டில், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மாநிலத்துச் சாலை நிர்வாக அமைப்பு ஒன்றின் அனுமதியோடு, சுமார் 100 சந்திப்புகளை இணைத்திருந்த சிக்னல் வலையமைப்பைச் சோதித்தார்கள். சிக்னல்கள் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தன, எந்தக் குறியாக்கமும் இல்லாமல். தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டுகூட மாற்றப்படவில்லை. உள்ளே நுழைந்து, தங்களுக்கு வேண்டிய நேரத்தில் பச்சை விழவைக்க முடிந்தது.

ஆனால், கேமில் நடப்பதுபோல நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை எரியவைக்க முடியாது. ஒவ்வொரு சிக்னல் பெட்டிக்குள்ளும் ஒரு காவல் கருவி தனியாக இருக்கிறது. மோதலுக்கு இடம் கொடுக்கும் விளக்குகள் சேர்ந்து எரிய முயன்றால், அது கணினியைக் கேட்காமலே குறுக்கிட்டு, எல்லாப் பக்கமும் சிவப்பைச் சிமிட்ட வைத்துவிடும். மென்பொருளை ஏமாற்றியவரால் அந்தக் கருவியை ஏமாற்ற முடியாது. பழைய காலத்து முன்ஜாக்கிரதை உயிரைக் காக்கிறது. ‘சிடிஓஎஸ்’ அமைப்பில் இல்லாத ஒன்று அதுதான்.

ஏ.டி.எம். விஷயமும் அப்படித்தான். 2010-ல் லாஸ் வேகஸில் நடந்த ‘பிளாக் ஹேட்’ கணினிப் பாதுகாப்பு மாநாட்டு மேடையில், பார்னபி ஜாக் என்ற நியூசிலாந்து நிபுணர் இரண்டு ஏ.டி.எம். இயந்திரங்களை வைத்து, அவற்றைப் பணம் கக்கவைத்தே காட்டினார். கார்? 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரைத் தொலைவிலிருந்தே இணையம் வழியாக முடக்கினார்கள். அந்தக் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உக்ரைனில் மின்விநியோக நிறுவனங்களின் கணினிக்குள் புகுந்தவர்கள், 2 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளின் கரண்ட்டை நிறுத்தினார்கள். ரயில்? போலந்தின் வூஜ் நகரத்தில் 2008-லேயே 14 வயதுப் பையன் ஒருவன், டி.வி. ரிமோட் ஒன்றை மாற்றியமைத்து டிராம் வண்டிகளின் தண்டவாளத்தைத் திருப்பிவிட, வண்டிகள் தடம்புரண்டு 12 பேர் காயம்பட்டார்கள். கேம் காட்டும் வேகம்தான் பொய். காட்டும் ஓட்டைகள் பொய்யில்லை.

குற்றம் நடக்கும்வரை காத்திரு

முதல் மணி நேரங்களில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடத்துக்கு வருகிறேன். நகரில் சுற்றும்போது, ‘இந்தப் பகுதியில் ஒரு குற்றம் நடக்கலாம்’ என்று கைபேசி சொல்லும். போய்ப் பார்த்தால் ஒருவர் பக்கத்தில் சதவிகிதக் கணக்கு. இவர் பாதிக்கப்படலாம், அல்லது இவர் குற்றம் செய்யலாம். மறைந்து பின்தொடர வேண்டும். சீக்கிரமே குறுக்கிட்டால் ஆள் சுதாரித்து ஓடிவிடுவான். கேமும் அதைத் தோல்வி என்றே கணக்கெழுதும். அவன் கத்தியை எடுக்கும்வரை, கை ஓங்கும்வரை, நாம் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பெண் மிரட்டப்படுவதைக் கேட்டுக்கொண்டு, ‘இன்னும் இல்லை, இன்னும் இல்லை’ என்று காத்திருந்தபோது, இந்த நகரத்தில் எனக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்தது.

நிஜச் சிகாகோவில் நடந்தது இதற்கு வெகுதூரம் இல்லை. 2013-ல் சிகாகோ போலீஸ், துப்பாக்கி வன்முறையில் யார் சிக்கக்கூடும் என்று கணினியைக் கொண்டு கணித்து ஒரு பட்டியல் தயாரித்தது. ‘ஹீட் லிஸ்ட்’ என்று ஊர் அதை அழைத்தது. சுடப்படக்கூடியவரும் சுடக்கூடியவரும் ஒரே பட்டியலில். சில நூறு பேரோடு தொடங்கியது, பிறகு லட்சக்கணக்கானவர்களுக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு ஊதிப்போனது. ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2016-ல் அதன் தொடக்க வடிவத்தை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: பட்டியலில் இருந்ததால் யாருடைய உயிருக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை; துப்பாக்கிச்சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாகும் வாய்ப்புத்தான் கூடியது. 2019-ன் கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். கேமை எழுதியவர்கள் இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 2011-லேயே சிகாகோவில் அரசும் தனியாரும் வைத்த குறைந்தது 10,000 கேமராக்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதாக அந்த நகரம் இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு எச்சரித்திருந்தது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். அதே இல்லினாய் மாநிலம்தான், கைரேகை, முகஅடையாளம் போன்றவற்றை ஒருவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கம்பெனிகள் சேகரிக்கக்கூடாது என்று 2008-லேயே சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் தொடுத்த வழக்கில், புகைப்படங்களில் முகங்களை அடையாளம் கண்டு பெயர் சொன்ன வசதிக்காக ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டிவந்தது. ப்ளூம் கம்பெனி அந்தச் சட்டத்தை எப்படித் தாண்டியது என்று கேம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கதை எங்கேயோ போயிருக்கும்.

நம்மையும் ஒருவர் பார்க்கிறார்

இணையத்தோடு இணைந்து ஆடினால் ஒரு திகில் காத்திருக்கிறது. நாம் நம் போக்கில் திரிந்துகொண்டிருக்கும்போது, உலகின் ஏதோ மூலையில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் சத்தமில்லாமல் நம் நகரத்துக்குள் நுழைந்துவிடுவார். அவர் திரையில் அவர்தான் ஏடன். நம் கண்ணுக்கு அவர் தெருவில் போகும் யாரோ ஒருவர். அருகிலேயே எங்கோ நின்றுகொண்டு நம் தகவல்களைத் திருட ஆரம்பிப்பார். எச்சரிக்கை வரும், சதவிகிதம் ஏறிக்கொண்டே போகும். அது நிறைவதற்குள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போது தெருவே மாறிவிடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், நிறுத்திய காருக்குள் குனிந்திருப்பவர், காரணமே இல்லாமல் சட்டென்று திரும்பி நடப்பவர், எல்லோர் மேலும் சந்தேகம். ஒவ்வொருவராகக் கைபேசியை நீட்டிப் பார்க்கிறோம். இதுவரை யார் யாருடைய கட்டத்தையோ அலட்சியமாகப் படித்துவந்த நம்முடைய கட்டத்தை இப்போது இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கிறார். எந்த வசனமும் இல்லாமல் இந்த கேம் சொல்லும் மிக நல்ல கதை இது. சிறந்த கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

எங்கே இடறுகிறது?

ஏடன் பியர்ஸிடம்தான். குழந்தையைப் பறிகொடுத்த கோபம் புரிகிறது. ஆனால், அவன் முகத்தில் வேறெதுவும் வருவதே இல்லை. எல்லா வசனமும் ஒரே உறுமல். ஊர் முழுக்க வேவு பார்க்கிறான், அப்பாவிகளின் பணத்தை எடுக்கிறான், ரௌட்டர் பெட்டி வழியாகப் பிறர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிறான். தனியாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் அந்தரங்கம் அவன் திரையில் ஓடுகிறது. இதெல்லாம் அவனுக்குள் என்ன செய்கிறது என்று கதை கேட்பதில்லை. ப்ளூம் கம்பெனி செய்தால் அநியாயம், அதே கருவியால் ஏடன் செய்தால் நீதி. நகர மக்கள் ஏடனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று காட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் கணக்கில் வருவது அடிதடியும் கொலையும் காப்பாற்றுவதும்தான். ஒருவருடைய சேமிப்பைத் துடைத்தெடுத்தால் அந்த முள் அசைவதில்லை. அந்த ஒற்றை வரியை உருவாக்கிய கற்பனைக்கு இது பெரிய சறுக்கல்.

அப்புறம் துப்பாக்கிகள். வெற்றுத் துப்பாக்கியோடு தொடங்கிய கதை, போகப்போக ஆயுதக் கிடங்காக மாறுகிறது. கடைக்குப் போனால் எறிகுண்டு ஏவுகருவிவரை கிடைக்கிறது. நிதானமாகக் கேமராவில் தாவி முடிக்கக்கூடிய மிஷன்கள் பல இருக்க, கதையின் முக்கியமான திருப்பங்களில் ‘சுடு’ என்றே தள்ளுகிறார்கள். கட்டடங்கள் மேல் இயந்திரச் சிலந்தியாக ஏறி நொறுக்கும் பகுதிகூட ஒன்று உண்டு. ஆட ஜாலியாக இருந்தாலும் இந்தக் கதைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

அடுத்தடுத்த பாகங்களில் சில பாடங்களைக் கற்றுக்கொண்டார்கள் என்றே தெரிகிறது. 2016 நவம்பரில் வந்த ‘வாட்ச் டாக்ஸ் 2’ சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது. நாயகன் மார்கஸ் ஹாலோவே, ஓக்லாந்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞன். செய்யாத குற்றத்துக்குக் கணினி அவனைச் சந்தேக ஆள் என்று முத்திரை குத்தியதில்தான் அவன் கதையே ஆரம்பிக்கிறது. சங்கடமான அந்த வரி முதன்முறையாக நாயகன் மேலேயே எழுதப்படுகிறது. 2020-ல் லண்டனில் நடக்கும் ‘லீஜன்’ இன்னும் ஒரு படி மேலே போய், தெருவில் போகும் யாரை வேண்டுமானாலும் நம் கதாபாத்திரமாகச் சேர்த்துக்கொள்ள விடுகிறது. கட்டத்துக்குள் இருந்தவர் வெளியே வந்து நாயகன் ஆகிறார், நாயகி ஆகிறார். விதை என்னவோ இந்த முதல் கேமில் விழுந்ததுதான்.

ஆகவே, ஆடலாமா? ஆடலாம், ஆடவேண்டும் என்றே சொல்வேன். ஒரு பழிவாங்கும் கதையாகப் பார்த்தால் ‘வாட்ச் டாக்ஸ்’ சுமார். கண்காணிக்கப்படும் நகரம் ஒன்றில் வாழ்வது எப்படி இருக்கும், கண்காணிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் நல்லவனுக்கும் புத்தி எப்படித் திரியும் என்பதைக் கையில் பிடித்துக் காட்டிய கேம் என்ற வகையில் எனக்குத் தெரிந்து இதற்கு இணை குறைவு. அமெரிக்கத் தரச்சான்று 17 வயதுக்கு மேல், ஐரோப்பியச் சான்று 18 வயதுக்கு மேல் என்று தெளிவாகச் சொல்கிறது. ரத்தமும் ஆள்கடத்தல் காட்சிகளும் இருப்பதால், பெற்றோர் அதை மதித்துப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைதானத்திலிருந்து தப்பி வந்ததும் அடுத்த மிஷனுக்கு ஓடாதீர்கள். துப்பாக்கிக் கடைப் பக்கமும் போகவேண்டாம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அலுவலகம் விடும் நேரத்தில் ஏதாவதொரு தெருவில் கொஞ்ச நேரம் நடந்து, வருகிறவர்களின் வரிகளைப் படியுங்கள். பணத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் படியுங்கள்.